அரிசிப் பங்கீடும் அதன் விலையும்: தலவாக்கலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குடிமக்களின் பசியைப் போக்குதல் அரசின் கடன் என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கையாகும். மணிமேகலை ஏந்திய அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது; அதற்கு வரவுசெலவுக் கணக்கு வேண்டியதில்லை. அரசாங்கத்தின் கையிலுள்ள பாத்திரமோ அத்தகையதன்று. அதில் இடப்படும் ஒவ்வொரு கொத்து அரிசிக்கும் எவரேனும் ஒருவர் விலை கொடுத்தேயாதல் வேண்டும். அவ்விலையைக் கொடுத்தவர் யார், பயனைப் பெற்றவர் யார், குறைப்பு வந்தபோது முதலில் மெலிந்தவர் யார் என்னும் வினாக்களை இலங்கையின் உணவுத் திணைக்கள வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாராய்ச்சிக்குத் தலவாக்கலையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணமுண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், தேயிலையாற் சூழப்பட்ட அவ்வூர் மக்கள் உண்ணும் அரிசி முழுவதும் வெளியிலிருந்தே வருதல் வேண்டும். அத்தகைய ஊரிலேயே பங்கீட்டின் பலமும் பலவீனமும் தெளிவாகப் புலப்படும்.

மலைநாட்டில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராகிய காலத்திற் காடழித்து நிலந்திருத்திய தமிழ்த் தொழிலாளருக்கு உணவளித்தது அரசாங்கமன்று, தோட்டமே. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த அரிசி, 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்த புகையிரதப் பாதை வழியாகத் தலவாக்கலைக்கு வந்தது. தோட்டத்துரையின் களஞ்சியத்தில் அது அளந்து கொடுக்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. இதனால் தொழிலாளி கையிற் காசாகக் கண்டது சிறிதே. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியை வரையறுத்தபோது, அரிசி வழங்கப்படும் விலையையும் அதனோடு சேர்த்தே நோக்க வேண்டியதாயிற்று. கூலியும் அரிசியும் ஒரே கணக்கேட்டில் இரு பக்கங்களாக இருந்தமையே இதற்குக் காரணம்.

இவ்வொழுங்கு 1942 ஆம் ஆண்டிற் குலைந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. ஏப்பிரல் மாதத்திற் கொழும்பும் திருகோணமலையும் விமானத் தாக்குதலுக்குள்ளாயின. தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்துவந்த நாட்டுக்குப் பர்மாவின் கதவு அடைபட்டமை, குண்டு வீச்சினும் பெரிய ஆபத்தாகும். அந்நெருக்கடியிலேயே உணவுக் கட்டுப்பாடு ஒரு பெருந் திணைக்களத்தின் பொறுப்பாயிற்று. குடிமக்கள் பாதுகாப்பு ஆணையாளராகிய ஒலிவர் குணதிலகா அவர்கள் உணவு ஆணையாளர் பொறுப்பையும் ஏற்றார். கூப்பன் புத்தகங்கள் அச்சாயின. ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கக் கடைகள் தோன்றின. உள்நாட்டு நெல்லும் அரசாங்கத்தாற் கொள்வனவு செய்யப்பட்டது. கோதுமை மா ரொட்டி தோட்டத்து லயங்களில் நிலையான உணவாகியமைக்கும் இக்காலத்து அரிசிப் பஞ்சம் ஒரு காரணமாயிற்று.

இத்திணைக்களம் வீண் செலவென்று கூறுவார், அடுத்த ஆண்டில் வங்காளத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்தல் வேண்டும். பர்மா அரிசியை இழந்த நாடுகளுள் வங்காளமும் ஒன்று. கல்கத்தா நகரத் தொழிலாளருக்கு உணவு கிடைக்க வழிசெய்த அரசினர் நாட்டுப்புறத்தை விலைவாசியின் போக்கிற்கு விட்டனர். 1943 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர் வரலாற்றாசிரியர். இலங்கையிற் பற்றாக்குறை மிகுதியாக இருந்தும் அத்தகைய பேரழிவு நேரவில்லை. எல்லோருக்கும் ஒரு பங்கு என்ற விதி, வங்காளத்து நாட்டுப்புறத்தான் பெறாத காப்பைத் தலவாக்கலைத் தொழிலாளிக்கு அளித்தது. ஓர் அலுவலகத்தின் செலவைக் கணக்கிடுவோர், அஃது இல்லாதிருப்பின் நேரும் இழப்பையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுதல் வேண்டும்.

போர் முடிந்த பின்னரும் பங்கீடு முடியவில்லை. அதன் செலவு மூவகைப்பட்டது. வெளிநாட்டில் அரிசி கொள்ளும் விலைக்கும் கூப்பனுக்கு விற்கும் விலைக்குமுள்ள வேறுபாடு ஒன்று. களஞ்சியம், போக்குவரத்து, உத்தியோகத்தர் சம்பளம் ஆகியன மற்றொன்று. இறந்தோர் பெயரிலும் இல்லாதோர் பெயரிலும் நடமாடிய கூப்பன்களால் வந்த நட்டம் மூன்றாவது. இவற்றுள் முதலாவதே பெரும்பாரம். அப்பாரத்தைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்து அரசாங்க வருவாயின் தலையாய ஊற்றுகளுள் ஏற்றுமதி வரி ஒன்று. ஏற்றுமதிப் பொருள்களுள் முதலிடம் பெற்றது தேயிலை. வெளிநாட்டரிசி வாங்குதற்கு வேண்டிய அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதியை ஈட்டியதும் அதுவே. ஆகவே, நாடு முழுவதும் உண்ட மலிவரிசியின் விலையில் ஒரு பெரும்பங்கு மலைநாட்டுக் கொழுந்துக் கூடையிலிருந்தே சென்றது.

ஈண்டு அரசியல் வரலாற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிற் தலவாக்கலைத் தொகுதி மக்கள், கவிஞரும் தொழிற்சங்கவாதியுமாகிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறுவருடம் வந்த 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. கூப்பன் புத்தகம் அவர் கையில் இருந்தது; வாக்குச்சீட்டு இல்லை. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின.

1953 ஆம் ஆண்டு யூலையில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்களின் வரவுசெலவுத் திட்டம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. கொரியப் போர்க்காலத்தில் உலக அரிசி விலை ஏறியிருந்தது. சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தும் பாரம் தணியவில்லை. ஓகத்து 12 ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. அது மேற்கு, தெற்குக் கரையோரப் பகுதிகளிற் பெருங் கொந்தளிப்பாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒற்றோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அடுத்து வந்த சேர் யோன் கொத்தலாவலை விலையை 55 சதமாகக் குறைத்தார். 1962 ஆம் ஆண்டிற் பங்கை அரைக்கொத்துக் குறைக்க முயன்ற பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் நிதியமைச்சர் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. 1966 ஆம் ஆண்டு இறுதியிற் பங்கு ஒரு கொத்தாகக் குறைந்து, அக்கொத்து இலவசமாயிற்று; 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டாங் கொத்தே வெற்றி தோல்வியை ஆண்ட வாக்குறுதிகளுள் ஒன்றாயிற்று. வாக்குடையவன் தன் கொத்தைக் காத்துக்கொள்ள வல்லவன் என்பதையே இவையெல்லாம் உணர்த்துகின்றன.

வாக்கில்லாதவன் நிலை 1973, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையிற் தானியவிலையும் எண்ணெய்விலையும் ஒருங்கே ஏற, பங்கீடு குறுகியது. மாவும் சீனியும் அருகின. ஓரிடத்து அரிசியை மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு வந்தது. கிராமத்தானுக்கு மரவள்ளி நடுதற்குச் சிறிது நிலமேனும் இருந்தது. தேயிலை வரிசைக்கும் லயத்து வாசலுக்கும் இடையில் வாழ்ந்தவனுக்கு அதுவுமில்லை. தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. குழந்தைகளே பெரிதும் மடிந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தப்படி இந்தியா செல்வதற்குத் தயங்கிய குடும்பங்கள் பல, இப்பசியின் பின்னர்க் கப்பலேறத் துணிந்தன. பங்கீட்டுச் செலவை நாட்டுக்கு ஈட்டிக் கொடுத்த மலைநாடே, அச்செலவு சுருங்கியபோது மிகுதியாக வாடியது.

1978 ஆம் ஆண்டு தொடக்கத்தில், மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே பங்கீடு எனப்பட்டது. 1979 ஆம் ஆண்டு செத்தம்பரில் அதுவும் உணவு முத்திரையாக மாறிற்று. ஏழைக்கு மட்டும் கொடுத்தாற் செலவு குறையும் என்னும் நியாயம் மேற்பார்வைக்குச் சிறந்தது. ஆயின், வருமானத்தை அறிவது எங்ஙனம்? கிராமத்துக் கூலியின் வருமானம் அவன் கூறியவாறே பதியப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்குரோலிற் சதக் கணக்காக எழுதப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் கொழுந்தெடுத்தால் மூவர் கூலியும் ஒன்றாகக் கூட்டப்பட்டு எல்லையைத் தாண்டிற்று. ஆகவே தோட்டக் குடும்பங்கள் பெரும்பாலும் முத்திரைக்கு வெளியே நின்றன. பெற்றோருக்கும் அது நிலையான துணையன்று. ரூபாவிற் குறிக்கப்பட்ட முத்திரையின் பெறுமதி, விலைவாசி ஏற ஏறத் தேய்ந்தது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. இந்திய உணவுக் கழகம் 1965 ஆம் ஆண்டு சனவரியிற் தஞ்சாவூரிலேயே தன் பணியைத் தொடங்கிற்று. 1997 ஆம் ஆண்டில் இந்திய நடுவணரசு வறுமைக் கோட்டைக் கொண்டு பங்கீட்டாளரைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாநிலந்தோறும் உணவு ஆணையம் வேண்டுமென விதித்தது. ஆணையத்தின் செலவு ஒரு புதுச் செலவே. எனினும், பங்கு மறுக்கப்பட்டவன் முறையிடுவதற்கு ஓர் இடம் இருத்தல் அச்செலவுக்கு ஈடாகும். 1974 ஆம் ஆண்டிற் தலவாக்கலைத் தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய இடம் இருந்ததில்லை.

எஞ்சியோர்க்குக் குடியுரிமை 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உறுதியாயிற்று. எனினும் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, உணவுப் பற்றாக்குறை தோட்டக் குடும்பங்களிடையே ஏனையோரிலும் மிகுந்திருந்ததை ஆய்வுகள் மீண்டும் காட்டின. வாக்குரிமை வந்தபின்னும், நிலமின்மையும் நாட்கூலியும் நீங்கவில்லை.

வரலாறு பயிலும் மாணவர் இதனால் அறியத்தக்கது யாது? உணவுக்கென அரசு அமைக்கும் அலுவலகத்தின் செலவைத் திறைசேரிக் கணக்கில் மட்டும் தேடுதல் போதாது. அச்செலவுக்குரிய பணம் எவ்வூரிலிருந்து எழுகின்றது என்பதையும், பட்டியலை எழுதுவோன் எந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதுகின்றான் என்பதையும், பட்டியலில் விடுபட்டவன் எவரிடம் சென்று கேட்கலாம் என்பதையும் உடன் வினாவுதல் வேண்டும். இனி எந்நாட்டில் எவ்வகை உணவு அலுவலகம் அமைப்பினும், நெல் விளையாத ஊரில் நாட்கூலிக்கு உழைப்போன் அதன் பட்டியலில் எங்ஙனம் இடம்பெறுகின்றான் என்று முதலில் நோக்குதல் தகும். தலவாக்கலையின் வரலாறு அதற்குச் சான்றாக உள்ளது.