மேற்கையில் தொங்கும் தோல்: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்

உடல் எடை பெருமளவு குறைந்த பின்னரும், வயது ஏறும்போதும் மேற்கையின் அடிப்பக்கத் தோல் தளர்ந்து தொங்குவதுண்டு. அது உரசி, வியர்த்து, அக்குளில் புண்ணாவதும் உண்டு. மீள்தன்மையை இழந்த தோலைத் தைலமோ உடற்பயிற்சியோ சுருக்காது. பயிற்சி தசையை வலுப்படுத்தும். மிஞ்சிய தோல் அப்படியே இருக்கும். அதை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையே பிராக்கியோபிளாஸ்ட்டி.

சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் பலருக்குக் கைதான் மூலதனம். கரைவலை இழுப்பதும் தறி நெய்வதும் கையால்தான். ஆகவே இங்கு முதலில் கேட்க வேண்டியது அழகைப் பற்றியல்ல. சில கிழமைகள் கை ஓய்ந்திருந்தால் வீடு எப்படி நடக்கும் என்பதையே.

என்ன செய்யப்படுகிறது?

பெரும்பாலும் முழு மயக்கத்தில், 2 முதல் 3 மணித்தியாலங்கள் நடக்கும். அக்குளிலிருந்து முழங்கை வரை கையின் உட்பக்கத்தை வெட்டி, மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் அகற்றித் தைப்பார்கள். தளர்வு குறைவானால் அக்குளில் மட்டும் வெட்டினால் போதும். தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் கூடியிருந்தால், அதை உறிஞ்சி எடுப்பதே போதுமானது. நீளமாக வெட்டினால் தழும்பும் நீளமாக இருக்கும்; அது மங்கும், ஆனால் மறையாது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

எடை குறைந்தது 6 மாதங்களாவது ஒரே அளவில் நிற்க வேண்டும். புகைப்பவர்கள் குறைந்தது 4 கிழமைகளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

போரில் காயப்பட்டவர்கள் இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். கையிலோ தோளிலோ ஷெல் துண்டு தங்கியிருக்கிறதா, பழைய தீக்காயத் தழும்பு உண்டா, விரல்களில் ஏற்கனவே விறைப்பு இருக்கிறதா என்பவை வெட்டும் இடத்தையே மாற்றக்கூடும். முன்கைக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று முழங்கைக்கு மேல், வெட்டும் பகுதிக்கு அருகே செல்கிறது. பழைய விறைப்பை முன்பே பதிந்து வைத்தால், புதிதாக வந்தது எது என்பது பின்னர் தெளிவாகும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுக்குக் கை நிரந்தரமாக வீங்கும் ஆபத்து கூடுதல்.

செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்பதை உறுதிப்படுத்துங்கள்.

வீடு திரும்பிய பின்

கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். நீர் வடியக் குழாய் வைத்திருந்தால் சில நாட்களில் எடுப்பார்கள். அழுத்தம் தரும் உறையை 4 முதல் 6 கிழமைகள் அணிய நேரிடும். எளிய வேலைகளை ஓரிரு கிழமைகளில் தொடங்கலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, பிள்ளையைத் தூக்குவது, வலை இழுப்பது ஆகியவற்றுக்குப் பொதுவாக 6 கிழமைகள் பொறுக்க வேண்டும்.

தக்பீருக்குக் கைகளை உயர்த்துவதும் சுஜூதிலிருந்து கையூன்றி எழுவதும் தையலை இழுக்கும். நோயாளி உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. கட்டு நனையாமல் வுழூச் செய்யும் முறையை உலமாக்களிடம் கேட்டறியலாம்.

தழும்பு முதல் மாதங்களில் சிவந்து தடித்திருக்கும். மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முன்பு ஏதாவது காயம் தடித்து வளர்ந்திருந்தால் அதையும் நிபுணரிடம் காட்டுங்கள்.

கொழும்பில் செய்துகொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து கல்முனை 300 கிலோமீற்றருக்கும் அப்பால். நீண்ட நேரம் அசையாமல் பஸ்ஸில் இருந்தால் காலில் இரத்தம் உறையலாம். நிபுணர் அனுமதிக்கும் வரை அங்கேயே தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு கை மட்டும் திடீரென வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், தையல் பிரிந்தால், கெண்டைக்கால் வீங்கினால் அல்லது மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். டயக்னோசிஸ் கார்டுடன் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ உடனே செல்லுங்கள்.

தனியே குடும்பம் நடத்தும் பெண்கள், அந்த 6 கிழமைகளுக்குக் கைகொடுக்க யார் வருவார் என்பதைத் தீர்மானித்த பின்னரே திகதி குறிப்பது நல்லது. இது அவசர சிகிச்சையல்ல. தள்ளிப்போடுவதால் உயிருக்கு ஆபத்தில்லை.