முற்றத்திற்கு வந்த பள்ளி

மேற்கு ரயில்வேயில் மும்பையினின்று வடக்கே செல்லும் வண்டி டஹாணு ரோடு நிலையத்தைக் கடந்தால் கோல்வட் என்னும் சிறு நிலையம் வரும். அதனை அடுத்துக் கடலோரமாக அமைந்த ஊர் போர்டி. உள்ளே சற்றுத் தள்ளிக் குன்றின்மேல் இருப்பது கோஸ்பாட். சப்போட்டாத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற இப்பகுதியின் வழியே நம்மில் பலர் பயணம் செய்திருப்போம். ஆயினும் பாரதத்தின் தொடக்கக் கல்வி வரலாற்றில் இவ்விரு சிற்றூர்களுக்கும் உள்ள இடத்தை அறிந்தோர் சிலரே. தம் குழந்தைகளின் தமிழைப் பற்றிக் கவலையுறும் நம் காலனிப் பெற்றோர்க்கு அவ்வரலாறு பயன்படும் எனக் கருதி ஈண்டு வரைகின்றோம்.

இவ்வரலாற்றின் தொடக்கம் குஜராத்தில் உள்ள பாவ்நகரில். அங்கே கிஜுபாய் பதேகா என்னும் வக்கீல், தமக்கு மகன் பிறந்தபின் குழந்தைக் கல்வியில் நாட்டம் கொண்டார். வக்கீல் தொழிலைத் துறந்தார். 1920-ஆம் ஆண்டு தட்சிணாமூர்த்தி நிறுவனத்தின் சார்பில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். பிரம்பும் மனப்பாடமும் ஆட்சி செய்த காலத்தில் கதையையும் பாட்டையும் விளையாட்டையும் பாடமாக்கிய அவரை மக்கள் ‘மீசையுள்ள தாய்’ என்று அன்புடன் அழைத்தனர். அவருடன் வந்து சேர்ந்தவர் 1892-இல் பிறந்த தாராபாய் மோடக் அம்மையார். இருவரும் 1926-இல் நூதன் பால் சிக்ஷண் சங்கத்தை நிறுவினர்.

1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய முறையே இவர்களுக்கு வழிகாட்டி. அவ்வம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்ததையும் இங்கே நினைவு கூரலாம். ஆனால் அம்முறைக்கு வேண்டிய கருவிகள் விலை மிக்கவை. ஏழை ஊர்ப் பள்ளி அவற்றை எங்ஙனம் வாங்கும்? மேலும், ஐரோப்பியக் குழந்தைக்குப் பழகிய பொருள் நம் நாட்டுக் குழந்தைக்குப் பழகியதன்று. இவ்வினாவுக்கு விடை போர்டியில் கிடைத்தது.

1945-இல் தாராபாய் அம்மையார் நகரத்தை விட்டுப் போர்டியில் கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்னும் அம்மையார் துணை நின்றார். இளமையிலேயே கணவனை இழந்து, உறுதியுடன் கற்று ஆசிரியையானவர் அவர். பள்ளி திறந்தாயிற்று, ஆனால் சேரிக் குழந்தைகள் வரவில்லை. வறுமை ஒருபுறம், சாதி வேற்றுமை ஒருபுறம், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மற்றொருபுறம் அவர்களைத் தடுத்தன. அம்மையார் இருவரும் அக்குழந்தைகளைக் குறை கூறவில்லை. பள்ளியையே அவர்களின் முற்றத்திற்குக் கொண்டு சென்றனர். அங்கண் என்றால் முற்றம். அதனின்றும் பிறந்ததே அங்கன்வாடி. அங்கே குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலை வாரி நகம் வெட்டுவதும் கல்வியின் பகுதியே. இலை, விதை, கிளிஞ்சல், கூழாங்கல், களிமண் ஆகியவையே கருவிகள். 1975-இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அப்பெயரே அதன் நிலையங்களுக்கு வழங்கலாயிற்று. இன்று நாடெங்கும் 13 லட்சத்திற்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன.

1957-இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வாழ்வோர் வார்லி பழங்குடியினர். நிலக்கிழார்களுக்குக் கூலியின்றி உழைத்து வந்த அம்மக்கள், 1945-இல் அக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்கள். அவர்தம் பிள்ளைகள் பகலில் மாடு மேய்ப்பர். மூத்த பெண் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பாள். மணி அடித்தால் வந்து அமரும் பள்ளி இவர்களுக்குப் பொருந்துமா? ஆகவே மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடத்தினர். அது புல்வெளிப் பள்ளி எனப் பெயர் பெற்றது. தொட்டிற் குழந்தைகளின் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் இணைத்து விகாஸ்வாடி என்றனர். தம்பியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு அக்காள் வகுப்பில் அமர வழி பிறந்தது. தாராபாய் அம்மையார் 1973-இலும், அனுதாய் அம்மையார் 1992-இலும் மறைந்தனர். முன்னவர் பத்மபூஷண் விருதும் பின்னவர் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர்கள்.

குழந்தை பள்ளிக்குப் பொருந்தவில்லையெனில், மாற வேண்டுவது பள்ளியே என்பதுதான் இவ்வரலாறு கூறும் செய்தி. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் 350-அ விதி சேர்க்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் இயன்றவரை தாய்மொழி என்றே கூறுகின்றன. எனினும் சிதறிக் குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ‘இயன்றவரை’ என்பது பெரும்பாலும் இயலாமையாகவே முடிகின்றது. எஞ்சுவது சங்கத்தின் ஞாயிறு வகுப்பு ஒன்றே.

அவ்வகுப்பில் வருகை குறைந்ததென்று பிள்ளைகளைக் கடிகின்றோம். ஏரும் உரலும் கவலையும் வரைந்த அரிச்சுவடி, மூன்றாம் மாடியில் வளரும் குழந்தைக்கு என்ன சொல்லும்? அக்குழந்தைக்குத் தெரிந்த தமிழ் வீட்டில் உள்ளது. பாட்டியின் கதையிலும், வாசற்கோலத்தின் புள்ளிக் கணக்கிலும், பல்லாங்குழியின் புளியங்கொட்டையிலும், அடுக்களைப் பாத்திரத்திலும் அது வாழ்கின்றது. அங்கிருந்து எழுத்துக்குச் செல்வது எளிது. மண்டபத்தில் பெஞ்சு போட்டுக் காத்திராமல், ஒவ்வொரு பிளாக்கின் முற்றத்திலும் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்தினால் என்ன?

மற்றொன்றும் கூற வேண்டும். நம் காலனியைத் துப்புரவு செய்வோரின் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வந்தோரின் பிள்ளைகளும் அதே முற்றத்தில்தான் விளையாடுகின்றனர். பள்ளியில் நம் பிள்ளையின் பேச்சைக் கண்டு பிறர் நகைத்தால் நம் மனம் நோகின்றது. அங்ஙனம் நொந்தவர்கள், வேறொரு குழந்தையை வகுப்பின் ஓரத்தில் நிற்க வைக்கலாகாது. அவர்களும் வந்து அமரட்டும். தம் பாட்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும்.

அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் ஒரு பிளாக்கிலேனும் இவ்வகுப்பு தொடங்க வேண்டுமென்பது நம் விழைவு. கதை சொல்லத் தெரிந்த பாட்டிமாரும் தாய்மாரும் சங்கச் செயலாளரிடம் தம் பெயரைத் தந்துதவுமாறு வேண்டுகின்றோம். வாழ்க தமிழ்!