13 லட்சம் பெட்டிகளை நிறுத்திய ஒரு கேபிள்

2001ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். ஜவுளிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ அப்படித்தான் வீடியோ கேம் கம்பெனிகளுக்குக் கிறிஸ்துமஸ். சரியாக அந்த நேரம் பார்த்து, சோனி நிறுவனத்தின் சுமார் 13 லட்சம் 'பிஎஸ் ஒன்' விளையாட்டுப் பெட்டிகளை நெதர்லாந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். கடத்தலா? வரி ஏய்ப்பா? இரண்டும் இல்லை. பெட்டியோடு வரும் கேபிளில் காட்மியம் என்ற உலோகம், அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தது. அவ்வளவுதான்!

கேபிளுக்கும் காட்மியத்துக்கும் என்ன சம்பந்தம்? பிளாஸ்டிக் உறைக்குப் பளிச்சென்று நிறம் கொடுக்கவும், சூட்டிலும் வெயிலிலும் அது கெட்டுப்போகாமல் இருக்கவும் காட்மியம் கலப்பது பழைய வழக்கம். விளையாடுகிற பையனுக்கு அதனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. அந்தக் கேபிள் குப்பைக்குப் போன பிறகுதான் சிக்கலே. எரித்தால் காற்றில் கலக்கும், புதைத்தால் மண்ணுக்குள் இறங்கும்.

இதில் ஒரு வேதனையான முரண்பாடு உண்டு. காட்மியம் மனிதனை என்ன செய்யும் என்று உலகத்துக்குக் காட்டியதே சோனியின் தாய்நாடான ஜப்பான்தான். அங்கே டோயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆறு ஓடுகிறது. மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, அரிசியில் ஏறியது. அதைப் பல வருடங்கள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு மெலிந்து லேசான அசைவுக்கே முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். வலி தாங்காமல் அவர்கள் கத்தியதே நோய்க்குப் பெயராகிவிட்டது. 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது, வலிக்குது'. 1968இல் ஜப்பான் அரசு இதைச் சுற்றுச்சூழல் மாசினால் வந்த நோய் என்று அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட நாட்டின் பெரிய கம்பெனி, 33 வருடம் கழித்து அதே காட்மியத்தில் மாட்டிக்கொண்டது.

சோனி வேண்டுமென்றே செய்தது என்று சொல்வதற்கில்லை. கேபிளைச் செய்தது வேறொருவர், அவருக்குப் பிளாஸ்டிக் கொடுத்தது இன்னொருவர், அதற்கு நிறமி விற்றது மற்றொருவர். தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பெட்டியின் மேல் பெயர் போட்டவருக்கே தெரியவில்லை! தண்டம் மட்டும் அவருக்கு. எஸ்டி, வின்ஸ்டன் இருவரும் 2006இல் எழுதிய 'கிரீன் டு கோல்ட்' என்ற புத்தகம், இந்தச் சம்பவத்தால் சோனிக்குப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் போனது என்றும், எங்கே தவறு நடந்தது என்று தேடி 6,000க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைச் சோதித்தார்கள் என்றும் சொல்கிறது. அதன் பிறகு சோனியின் சப்ளையர்கள் விலையையும் தரத்தையும் மட்டும் காட்டினால் போதாது, சரக்கில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதற்கும் ஆதாரம் கொடுக்க வேண்டும் என்றானது.

இதெல்லாம் நடந்தபோது ஐரோப்பிய யூனியனின் பொதுச் சட்டம் இன்னும் வரைவு நிலையில்தான் இருந்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று இரண்டு சட்டங்கள் ஒன்றாகப் பிறந்தன. ஒன்று 'வீ', மின்னணுக் குப்பையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது. மற்றொன்று 'ஆர்.ஓ.எச்.எஸ்.', ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், தீத்தடுப்புக்கான இரண்டு புரோமின் சேர்ம வகைகள் என ஆறு பொருள்களுக்குக் கடிவாளம் போட்டது.

வணிகம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான். 'வீ' சட்டம் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பிரிவின் கீழ் வந்தது. ஆர்.ஓ.எச்.எஸ். வந்ததோ 95வது பிரிவான பொதுச் சந்தைப் பிரிவின் கீழ்! ஒவ்வொரு நாடும் நெதர்லாந்து மாதிரித் தனித்தனி அளவு வைத்துக்கொண்டு எல்லையில் சரக்கை நிறுத்தினால் பொதுச் சந்தை என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. விஷத்தைக் குறைப்பது எவ்வளவு நோக்கமோ, வியாபாரம் தடையில்லாமல் ஓடுவதும் அவ்வளவு நோக்கம்.

நடைமுறைக்கு வந்தது 2006 ஜூலை 1இல். எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்ற எண்ணை 2005 ஆகஸ்டில்தான் முடிவு செய்தார்கள். காட்மியம் 0.01 சதவீதம், மற்றவை 0.1 சதவீதம். அதையும் மொத்தப் பெட்டியின் எடையில் கணக்கிட முடியாது. தனியாகப் பிரிக்கக்கூடிய ஒவ்வொரு பொருளிலும் பார்க்க வேண்டும். கேபிள் உறை தனி, உள்ளே இருக்கும் செம்பு தனி. இந்த ஒரு வரிதான் சட்டத்துக்குப் பல் கொடுத்தது.

அதிகம் திண்டாட்டம் கொடுத்தது ஈயம். தமிழில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம்தான், இதுவும் ஈயம்தான். ஆனால் சொம்பு வெள்ளீயம், விஷம் காரீயம். சர்க்யூட் போர்டில் சால்டரிங் செய்யும் கலவையில் இரண்டும் இருந்தன: 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். இது 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயத்தை எடுத்துவிட்டு வெள்ளியும் செம்பும் சேர்த்த புதுக் கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்க போர்டு, உதிரிபாகம், இயந்திரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பாவுக்கு ஒரு வரிசை, மற்ற நாடுகளுக்கு ஒரு வரிசை என்று ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பாவுக்கு வெளியேயும் சட்டம் போலவே ஆனது. 2007இல் சீனாவும் தன் பங்குக்கு விதி கொண்டுவந்தது. இந்தியா 2011இல் மின்னணுக் குப்பை விதிகளை வெளியிட்டு, அதே ஆறு பொருள்களுக்கு அதே அளவுகளை 2014 மே முதல் அமல்படுத்தியது.

ஓட்டைகளும் இருந்தன. பழைய டப்பா டிவியின் கண்ணாடியில் ஈயம் கிலோ கணக்கில் இருக்கும், அதற்கு விலக்கு! சர்வர் கணினிகளின் சால்டருக்கும், டியூப்லைட் பாதரசத்துக்கும் சலுகை. இன்னொரு பெரிய இடைவெளியும் உண்டு. சட்டம் புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளைத்தான் பார்க்கும். ஏற்கெனவே வீடுகளில் இருந்த கோடிக்கணக்கான பெட்டிகள் அவற்றின் விஷத்தோடு குப்பைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. சீனாவின் குய்யு நகரத்தில் செம்புக்காகக் கேபிளை எரித்ததை 2002இல் பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. டெல்லி சீலம்பூரில் சின்னச் சின்னப் பட்டறைகளில் இதே வேலை நடந்தது. உறையில் காட்மியமே இல்லாவிட்டாலும், பி.வி.சி. கேபிளை எரித்தால் டையாக்சின் வரும். ஐரோப்பாவின் பட்டியலில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் நான்கு தாலேட் சேர்மங்களுக்கான கட்டுப்பாடு 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பி.வி.சி. மட்டும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.