கொல்லிமலை பாக்சைட்டும் நிறுவன நிதியறிக்கை வாசிப்பும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வாழவந்தி நாடு முதலான பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது; மலையாளிப் பழங்குடியினரின் வாழிடம். மேட்டூரிலுள்ள மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் (மால்கோ) 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் வசமானது. அதற்குரிய பாக்சைட் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டது. இத்தகைய நிறுவனத்தின் ஆண்டறிக்கை, மலையின் வரலாற்றுக்கு எவ்வளவு சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிக்கையின் அமைப்பு

1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஆறாம் அட்டவணை, நிதியறிக்கையின் வடிவத்தை வரையறுத்தது. இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் நிலையையும், இலாப நட்டக் கணக்கு ஓராண்டின் இயக்கத்தையும் காட்டுவன. இரண்டையும் குறிப்புகளோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

மலை இடம்பெறும் இடங்கள்

முதலாவது, பயன்படுத்திய மூலப்பொருளின் அளவும் மதிப்பும். பயன்படுத்திய அளவு வெட்டிய அளவாகாது. தொடக்க, இறுதிச் சரக்கிருப்புகளை ஒப்பிட்ட பின்னரே வெட்டிய அளவை மதிப்பிடலாம். சொந்தச் சுரங்கத்தின் தாதுவுக்குக் கூலி, போக்குவரத்து, உரிமத்தொகை போன்ற செலவுகளே மதிப்பாகின்றன. இழந்த மண்ணுக்கு அங்கு விலையில்லை.

இரண்டாவது, இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்பாக வரும் நிகழக்கூடிய பொறுப்புகள். வழக்கிலுள்ள கோரிக்கைகள் இங்கேயே தெரியவரும்.

மூன்றாவது, ஒதுக்கீடுகள். 2004 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரம் 29இன்படி, சுரங்க நிலத்தைச் சீரமைக்கும் கடமை ஏற்பட்டு அதன் செலவை மதிப்பிட இயலுமாயின், அதற்கு ஒதுக்கீடு செய்தல் வேண்டும். ஒதுக்கீடு காணப்படாவிடின், அதன் காரணத்தை ஆய்வாளர் தேட வேண்டும்.

சான்றின் எல்லை

பழைய அட்டவணை மூலப்பொருளை இறக்குமதி, உள்நாடு எனப் பிரிக்கச் சொன்னதேயன்றி, எந்த மலை, எந்த நாடு எனச் சொல்லப் பணிக்கவில்லை. 2011இல் திருத்தப்பட்ட அட்டவணையில் அளவு விவரங்களைத் தரும் கட்டாயமும் நீங்கியது. ஆகவே சுரங்கக் குத்தகை ஆவணங்கள், வருவாய்த்துறைப் பதிவுகள், மலைமக்களின் வாய்மொழிச் சான்றுகள் ஆகியவற்றோடு இணைத்தே ஆண்டறிக்கையைப் பயன்படுத்த இயலும்.

முடிவுரை

நிதியறிக்கை பங்குதாரரின் வினாக்களுக்கு விடையாக எழுதப்படுவது. மலைமக்களின் இழப்பு அதில் காணப்படாமையைக் கொண்டு, இழப்பே நிகழவில்லை என முடிவு செய்தல் பொருந்தாது. தணிக்கையாளர் சான்றளிப்பது, விதித்த வடிவில் கணக்கு சரியாக உள்ளதா என்பதற்கே. அவ்வடிவத்தில் எவை இடம்பெற வேண்டும் என்பதை முடிவு செய்தவர் யார் என்னும் வினாவும் வரலாற்றாய்வாளருக்கு உரியதாகும்.