கண்ணாடிக் குழாயும் ஒரு ஊஞ்சலும்

வட நோர்வேயில் மீன் தொழிற்சாலைகளில வேலை செய்த எங்கட ஆக்களுக்கு 'விடெரோ' என்ற பெயர் நல்லாய்த் தெரியும். அங்கத்தைய சின்னச் சின்ன விமான நிலையங்களில் வந்து இறங்கும் விமானங்களில் எழுதியிருக்கும் பெயர். அந்த நிறுவனத்தை 1934ல் தொடங்கியவர்களில் ஒருவர் விகோ விடெரோ. அவருடைய அண்ணன் றொல்வ் விடெரோவை எங்கட பிள்ளையள் அறியவேணும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1902ல் இன்றைய ஒஸ்லோவில் பிறந்த றொல்வ், படிக்கப் போனது ஜெர்மனிக்கு. அணுத் துணிக்கைகளை வேகப்படுத்த அவர் முதலில் செய்த கருவி சரிவரவில்லை. மனிசன் விடவில்லை. சுவீடன்காரரான இசிங் 1924ல் வெளியிட்ட யோசனையை எடுத்து, 1927ல் ஆகன் நகரில் வேறொன்று செய்தார். 88 சென்ரிமீற்றர் நீளக் கண்ணாடிக் குழாய், காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், உள்ளே வரிசையாய் உலோகக் குழல்கள். அவ்வளவுதான்.

வருஷப் பிறப்புக்குக் கட்டுற ஊஞ்சலை நினைத்துப் பாருங்கோ. ஒரேயடியாய்த் தள்ளுவதில்லை, சரியான நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பத் தள்ளுகிறோம். அவரும் அப்படித்தான். குழல்களின் இடைவெளியில் 25,000 வோல்ற் ஒருமுறை தள்ளியது. அயன் நடுக்குழலுக்குள் மறைந்து போகும்போது மின்சாரம் திசை மாறியது. வெளியே வந்ததும் அதே 25,000 வோல்ற் இன்னொருமுறை தள்ளியது. 50,000 வோல்ற்றின் பலன்!

எங்கட வீடுகளில் இருந்த பழைய ரீவிப் பெட்டியின் படக்குழாயும் ஒரு துணிக்கை ஆர்முடுக்கிதான். அதற்காக வீட்டில செய்து பார்க்க வெளிக்கிடவேண்டாம். உயர் மின்னழுத்தமும் எக்ஸ் கதிரும் விளையாட்டல்ல.

1929ல் அமெரிக்காவின் பார்க்லி நூலகத்தில் ஏர்னஸ்ற் லோறன்ஸ் அந்த ஜெர்மன் கட்டுரையைக் கண்டார். அவருக்கு ஜெர்மன் மொழி சரியாய் வாசிக்க வராது. படங்களைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். நேர்குழாயை வட்டமாக்கினால் ஒரே இடைவெளியில் பலமுறை தள்ளலாமே! 1931ல் அவரும் மாணவர் லிவிங்ஸ்ரனும் செய்த சைக்கிளோத்திரன் நாலரை அங்குல அகலம்தான். 1939ல் லோறன்சுக்கு நோபல் பரிசு.

விடெரோவின் பாதை வேறு. தம்பி விகோ நாஜிகளின் சிறையில் இருந்த காலத்தில், இவர் ஹம்பேர்க்கில் ஜெர்மன்காரருக்காகக் கருவி செய்தார். போர் முடிந்தபின் தாய்நாடு அவரை விசாரித்துத் தண்டப்பணம் விதித்தது. 1946ல் சுவிஸ் போனவர், அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கருவிகளை உருவாக்கினார். 1996ல் அங்கேயே காலமானார்.

புதிதாய் வந்து, மொழி பிடிபடாமல் வகுப்பில முழிசிக்கொண்டிருக்கிற பிள்ளை உங்கட வீட்டிலும் இருக்கலாம். லோறன்ஸ் படம் பார்த்துப் படித்த கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. மொழி பிறகு வரும்.