ஊரோடு தங்கிய வைத்தியர்கள்



ஒவ்வோர் ஆண்டும் மே 19-ஆம் நாள் உலகக் குடும்ப மருத்துவர் நாளாக அனுசரிக்கப்படுகிறது. குடும்ப மருத்துவர்களின் உலக அமைப்பாகிய வோங்கா 2010-ஆம் ஆண்டில் இந்நாளை ஏற்படுத்தியது. நம் நாட்டில் டாக்டர் பி. சி. ராய் அவர்கள் பிறந்ததும் மறைந்ததுமாகிய ஜூலை 1-ஆம் நாளை மருத்துவர் நாளாகக் கொண்டாடுகிறோம். இத்தகைய நாள்களில் சங்கங்களும் பள்ளிகளும் சபைகளும் மருத்துவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. இது நல்ல வழக்கமே. எவர்களைக் கனம்பண்ணவேண்டுமோ அவர்களைக் கனம்பண்ணுவது விசுவாசியின் கடன் என்று பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் போதிக்கிறார்.

ஆயினும், சிறந்த மருத்துவர் என்று நாம் யாரைத் தெரிந்துகொள்கிறோம்? அரிய அறுவைச் சிகிச்சை செய்தவர், அயல்நாட்டுப் பட்டம் பெற்றவர், பெரிய மருத்துவமனையை நிறுவியவர் ஆகியோரே நம் நினைவுக்கு முதலில் வருகின்றனர். ஒரே தெருவில் முப்பது ஆண்டுகள் அமர்ந்து பாட்டிக்கும் மகளுக்கும் பேத்திக்கும் காய்ச்சல் பார்த்தவர் மேடைக்கு அழைக்கப்படுவது அரிது. திருச்சபையின் வரலாற்றில் இக்கேள்விக்குத் தெளிவான விடை சொல்லிச் சென்ற ஒருவர் இருக்கிறார். அவருடைய பணியை இந்த வாரம் நாம் தியானிப்போம்.

பரிகாரி என்னும் சொல்

யாழ்ப்பாணத்து ஊர்களில் மேலைநாட்டு மருத்துவம் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே குடும்ப வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களைப் பரிகாரி என்றும், பேச்சு வழக்கில் பரியாரி என்றும் மக்கள் அழைத்தனர். தகப்பனிடமிருந்து மகனுக்கு வைத்தியம் வழிவழியாக வந்தது. முறிந்த எலும்பைக் கட்டுவதில் ஒரு குடும்பமும், விஷக்கடிக்கு மருந்து கொடுப்பதில் மற்றொரு குடும்பமும் பெயர் பெற்றிருந்தன. பரிகாரி நோயை மட்டுமன்றி நோயாளியின் வீட்டையும் வயலையும் வழக்கையும் அறிந்தவர்.

இச்சொல் நமக்குப் புதியதன்று. நம் கையிலுள்ள வேதாகமத்தில், யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தில், மாராவின் கசப்பான தண்ணீர் மதுரமானபின் தேவன் தம்மை இஸ்ரவேலுக்கு வெளிப்படுத்தும் இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் கையாண்ட சொல் பரிகாரி என்பதே. ஊரில் அருகிருந்து நோய் தீர்ப்பவனுக்கு மக்கள் வழங்கிய பெயரையே கர்த்தருக்கும் அவர்கள் சூட்டினார்கள். தூரத்து அரண்மனையின் வைத்தியரைக் குறிக்கும் பெயரை அவர்கள் தேடவில்லை.

மானிப்பாய்க்கு வந்த இளைஞர்

அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்தில் ஊழியத்தைத் தொடங்கியது. நியூயார்க்கில் வைத்தியத் தொழில் செய்துவந்த ஜான் ஸ்கடர் அத்தொழிலை விட்டு 1819-இல் கப்பலேறி, அடுத்த ஆண்டில் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கினார். அவருடைய பேர்த்தியாகிய ஐடா ஸ்கடரின் வேலூர்ப் பணியை நாம் அனைவரும் அறிவோம். பாட்டனாரின் பணி யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

அவ்வழியில் பின்னர் வந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1822 அக்டோபர் 10-ஆம் நாள் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் கற்று 1845-இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையன் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாக உழைத்தவர். பல பகுதிகளாய்ச் சிதறிக் கிடந்த அம்மாநகரத்தை 1898-இல் ஒன்றாக்கியதற்காகப் புகழ்பெற்றவர். தம்பியோ 1847-இல், இருபத்தைந்தாம் வயதில், யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்பு 1848 முதல் மானிப்பாயிலும் மருந்துச்சாலை நடத்தினார்.

காலையில் நோயாளிகள் கூடுவார்கள். வேதபாடமும் ஜெபமும் நடைபெறும். பின்பு ஒவ்வொருவராகப் பார்ப்பார். வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி பரவிய காலம் அது. ஒரே வைத்தியர் எத்தனை வீடுகளுக்குச் செல்லமுடியும்? தாம் ஒருவர் ஓடியோடிப் பார்ப்பதால் இவ்வூர்களின் நோய் தீராது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். வந்த அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். இலங்கை அரசு கொழும்பில் மருத்துவப் பள்ளியைத் திறந்தது 1870-இல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே மானிப்பாயில் தமிழ் இளைஞர்கள் உடற்கூறு கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மொழியை மாற்றிய தீர்மானம்

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் கற்பித்தார். மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றவர்கள். நூல்களும் ஆங்கிலத்தில் இருந்தன. அவர்கள் நன்றாகக் கற்றார்கள். திறமையுள்ள வைத்தியர்கள் ஆனார்கள். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளமும் மதிப்பும் உள்ள வேலைக்காக அவர்கள் ஊரை விட்டு வெளியிடங்களுக்குச் சென்றார்கள். எந்த ஊர்களுக்காக அவர்களைப் பயிற்றுவித்தாரோ அந்த ஊர்கள் வைத்தியனின்றி நின்றன.

விடுமுறைக்காகத் தாயகம் சென்ற கிறீன் 1862-இல் மனைவியுடன் திரும்பி வந்தார். அதன்பின் ஒரு தீர்மானம் செய்தார்: இனி வகுப்பு தமிழில் நடக்கும். தமிழில் கற்றவன் தன் ஊரில் தங்குவான். தன் சனங்கள் பேசும் சொல்லால் அவர்கள் நோயைக் கேட்டறிவான். மருந்தையும் பத்தியத்தையும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்வான் என்பது அவருடைய எண்ணம். ஆங்கிலம் உத்தியோகத்தின் வாசலாக இருந்த காலத்தில் இது எளிய தீர்மானமன்று. மாணவருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தமிழ் வகுப்பு கவர்ச்சியாகத் தோன்றியிருக்க முடியாது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

ஆடையிலும் அவருக்கு இதே கருத்து இருந்தது. கிறிஸ்தவனாகிற தமிழன் ஐரோப்பிய உடைக்கும் பழக்கத்துக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. சுவிசேஷத்தைக் கொண்டுவந்தவரே, அதோடு தம் நாட்டின் நடையுடை பாவனையைச் சேர்த்து விற்க மறுத்தார்.

நூல்கள்

தமிழில் கற்பிக்கவேண்டுமானால் தமிழில் நூல்கள் வேண்டும். கிறீன் இவ்வேலையை முன்னமே தொடங்கியிருந்தார். உடற்கூறும் சுகாதாரமும் பற்றிக் கால்வின் கட்டர் எழுதிய நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் பெயரில் வெளிவந்தது. மகப்பேறு பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857-இலும், அறுவைச் சிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872-இலும், வேதியியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வந்தன. லண்டனில் கிரே என்பவரின் உடற்கூறு நூல் முதலில் வெளியானது 1858-இல். அதைத் தழுவிய உடற்கூறு நூல் பதினான்கே ஆண்டுகளில் தமிழில் கிடைத்தது.

சொல்லாக்கத்தில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் பொருந்தாதபோது மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. இப்பெரும் பணியை அவர் தனியே செய்யவில்லை. டான்வர்த், சாப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். பெயர்களைக் கண்டு அவர்களை அயல்நாட்டார் என்று எண்ணவேண்டாம். படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைத் தாங்கிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அவர்கள்.

உடல்நலம் குன்றி 1873-இல் கிறீன் நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். அங்கும் தமிழை விடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே கையெழுத்துப் படிகளைத் திருத்தி அனுப்பினார். ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் வெளிவந்தது. மறுஆண்டு மே 28-ஆம் நாள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற செய்தியைத் தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே வூஸ்டரில் அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது.

பெயர் மறைந்த அறுபது பேர்

கிறீன் பயிற்றுவித்த வைத்தியர்கள் 60-க்கும் மேற்பட்டோர். இன்று மானிப்பாயில் உள்ள மருத்துவமனை கிறீன் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அறுபது பேரின் பெயர்களோ, ஆய்வாளர் சிலரைத் தவிர, யாருக்கும் தெரியாது. ஆனால் நடு இரவில் விளக்கோடு வந்து கதவைத் தட்டியவனுக்கு எழுந்து சென்றவர்கள் அவர்களே. பிள்ளைப்பேற்றில் தவித்த பெண்ணின் வீட்டு முற்றத்தில் காத்திருந்தவர்களும் அவர்களே. ஆசிரியர் கடல் கடந்து சென்றபின் அவர் கற்பித்ததை ஊர்களில் உயிரோடு வைத்திருந்தவர்களும் அவர்களே. குடும்ப மருத்துவர் என்னும் பெயர் முழுப் பொருளோடு பொருந்துவது அவர்களுக்குத்தான்.

அவருடைய திட்டம் முழுவதும் வெற்றி பெற்றது என்று சொல்லமுடியாது. மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைபெற்றது. தமிழ் வகுப்பு அவர் விரும்பியபடி நீடிக்கவில்லை, நூல்கள் பழம்பொருள்களாயின. ஆனால் அவரை வருத்திய கேள்வி இன்றும் தீரவில்லை. கற்றவன் ஊரில் தங்குவானா? நம் பிள்ளைகளில் ஒருவர் மருத்துவராகும்போது சபையாராகிய நாம் அடுத்து என்ன கேட்கிறோம்? எந்த மேற்படிப்பு, எந்த நாடு என்றே கேட்கிறோம். எந்த ஊருக்குப் போகப்போகிறாய் என்று கேட்பவர் மிகச் சிலர். பொது மருத்துவராக இருக்கிறேன் என்று சொல்லும் இளைஞனை, ஏதோ ஒன்றை அடையாமற்போனவனைப் போல் பார்க்கிறோம். இந்தப் பார்வை மாறாமல் பொன்னாடை மட்டும் போர்த்துவதில் பயனில்லை.

லூக்காவும் நம் கடமையும்

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் பவுல் லூக்காவைக் குறிப்பிடுகையில், அவன் வைத்தியன் என்பதோடு தமக்குப் பிரியமானவன் என்றும் எழுதுகிறார். அவன் குணமாக்கிய நோய்களின் பட்டியல் அங்கே இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், சிறையில் முதிர்வயதில் மற்றவர்கள் விலகிச் சென்ற வேளையில், தம்முடன் இருப்பவன் லூக்கா ஒருவனே என்கிறார். பவுலின் கண்ணில் அந்த வைத்தியனின் சிறப்பு அவன் உடன் தங்கியதே. வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசமாயிருந்தார் என்று நாம் விசுவாசிக்கிறோம். தேவனே மனுஷரோடு தங்கினபடியால், தங்குதல் சிறிய ஊழியமன்று.

ஆகவே, சபையாரே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் குடும்பத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவர் யாராக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், இந்த வாரம் நேரில் சென்று நன்றி சொல்லுங்கள். நோயில்லாத நாளில் செல்லுங்கள். சுத்தமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன் என்பதை எழுதிவைத்தவன் வைத்தியனாகிய லூக்காவே. இரண்டாவதாக, இல்லாத நோய்க்குச் சான்றிதழ் கேட்டும், தேவையற்ற ஊசியை வற்புறுத்தியும் அவருடைய மனச்சாட்சியை வருத்தாதிருங்கள். மூன்றாவதாக, சபையில் மருத்துவம் பயிலும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது, அவர்கள் உயரவேண்டும் என்பதோடு, அவர்கள் தேவைப்படும் இடத்தில் தங்கும் மனதையும் கேளுங்கள்.

ஜெபம்

எங்கள் பரிகாரியாகிய கர்த்தாவே, எங்கள் தாய் தந்தையரின் படுக்கையருகே அமர்ந்த வைத்தியர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். பெயர் எழுதப்படாமல் உழைத்தவர்களை நீர் அறிந்திருக்கிறீர். இரவும் பகலும் நோயாளிகளைப் பார்த்துச் சோர்ந்திருக்கும் எங்கள் ஊர் மருத்துவர்களுக்கு இளைப்பாறுதல் தாரும். எங்கள் பிள்ளைகளில் சிலரையாவது இந்த ஊர்களுக்காகத் தெரிந்துகொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.