கவுண்டி பயிர் மானியம் (அமெரிக்கா)

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் உழவர்களுக்கு நடுவணரசு வழங்கும் உதவித்தொகை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வந்த வேளாண் சீரமைப்புச் சட்டம் இதன் தொடக்கம். விலையைத் தூக்கிவிட, நிலத்தில் நின்ற பருத்தியையே உழுது மடக்கியவர்களுக்கு அன்று பணம் தரப்பட்டது.

2014 சட்டம் தந்த வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று விலையைப் பார்க்கும்: மக்காச்சோளத்தின் ஆண்டுச் சராசரி விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலருக்குக் கீழே போனால் பணம் உண்டு என்று அந்தச் சட்டம் வைத்திருந்தது. மற்றது கவுண்டியின் சராசரி வருவாயைப் பார்க்கும். இதில்தான் வேடிக்கை. ஆலங்கட்டி மழையில் ஒருவர் வயல் மட்டும் அழிந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. கவுண்டி முழுதும் சரிந்தால், நன்றாக விளைந்தவருக்கும் தொகை வரும். கணக்கு, பழைய சாகுபடிப் பதிவிலுள்ள ஏக்கரில் 85 விழுக்காட்டுக்கு. இந்த ஆண்டு என்ன விதைத்தார் என்பது பொருட்டல்ல.

நிலம் பெருகினால் மானியமும் பெருகும். ஆளுக்கு ஆண்டு வரம்பு 1,25,000 டாலர் என்றிருந்தது. 2018 சட்டமோ, இந்த வரம்பைத் தனித்தனியே பெறக்கூடிய பண்ணைக் குடும்பத்தினரில் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் உடன்பிறந்தார் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.